ஒதுக்கிய பங்கு

பத்திரம் பெயர்ப்பது என் தொழில்.
பக்கத்துக்கு இருநூறு. முத்திரைக்குத் தனி.
லெயோன் அருளாந்து செத்த பதினேழாம் நாள்
அவர் மகள் மதலேன்
ஒரு பிளாஸ்டிக் கவரில் அப்பாவைக் கொண்டுவந்தாள்:
பிரெஞ்சில் ஓர் உயில், இங்கிலீஷில் ஓர் உயில்.
இரண்டிலும் அவள் பெயர் இல்லை.

குருசுக்குப்பத்து வீடு மகன் எமிலுக்கு.
கடலூர் கேப்பர் மலை முந்திரித் தோப்பும் எமிலுக்கே.
"நான் கட்டிக்கிட்ட ஆள அவருக்குப் பிடிக்கல" என்றாள்.
மேலே நான் கேட்கவில்லை.
பெயர்ப்பவளுக்கு அது வேலையில்லை.

வீட்டுக்கு நெப்போலியன் காலத்துச் சட்டம்.
அருளாந்தின் மூதாதை ஒருவர்
சட்டை மாற்றுவதுபோல் சட்டத்தை மாற்றிக்கொண்டு
புதுக் குடும்பப் பெயரோடு வீடு திரும்பியவர்.
அந்தப் புத்தகத்தின் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் பிரிவு
கதை கேட்காது.
பிள்ளை இரண்டென்றால்
மூன்றில் ஒன்றுதான் தகப்பன் இஷ்டத்துக்கு.
மிச்சம் பிள்ளைகளுக்கு, ஆளுக்கொன்று.
சண்டை போட்டாலும் சரி,
கோயில் வாசலில் முகம் திருப்பிக்கொண்டாலும் சரி.
குழந்தை கைக்கு எட்டாமல் மருந்தை வைப்பதுபோல்
தகப்பன் பேனாவுக்கு எட்டாத உயரத்தில்
வைத்திருக்கிறார்கள் அதை.

அதற்கு அவர்கள் சொல் 'ரெஸெர்வ்'.
அகராதி பார்த்து 'ஒதுக்கிய பங்கு' என்று எழுதினேன்.
எழுதிவிட்டுப் பேனாவை மூட முடியவில்லை.
இவளையும் ஒதுக்கித்தானே வைத்தார்கள்.
பத்திரமாய் எடுத்து வைத்தாலும் ஒதுக்குவது,
பந்தியில் இலை போடாவிட்டாலும் ஒதுக்குவது.

வியாழக்கிழமை கடலூருக்குப் பஸ் ஏறினோம்.
முள்ளோடையில் நிறுத்திப்
பைகளைப் பிசைந்து பார்த்தார்கள், பாட்டில் இருக்கிறதா என்று.
மதலேனின் மூன்றிலொரு பங்கு
அங்கேயே பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டது.
யாரும் அதைப் பார்க்கவில்லை.
பெண்ணையாற்றுப் பாலம் வருவதற்குள்
அவள் தகப்பனுக்கு முழுச் சுதந்திரம் வந்துவிட்டது.
தோப்பை மகனுக்கு எழுதலாம், ஊர்பேர் தெரியாதவனுக்கும் எழுதலாம்.

மஞ்சக்குப்பத்தில் வக்கீல் கலியமூர்த்தி அறையில்
சுவரே தெரியாது, தீர்ப்புத் தொகுதிகள்.
சட்டம் ஒரு வரி;
அந்த ஒரு வரிக்கு நூறு வருஷத்து வாய்த்தகராறு.
நேற்றைய நீதிபதி சொன்னதை
இன்றைய நீதிபதி மீற மாட்டார்.
மீறியாக வேண்டுமென்றால்
'அந்த வழக்கு வேறு, இந்த வழக்கு வேறு' என்பார்,
மாமியாரை மறுத்துப் பேசாமல்
தன் போக்கில் சமைக்கும் மருமகள் மாதிரி.

ஒரு தொகுதியைத் தட்டித் திறந்தார்.
எந்த ஊரோ, எந்தத் தகப்பனோ,
கையெழுத்தில் நடுக்கம்,
சாட்சிகள் இருவரும் மகனின் கூட்டாளிகள்.
அந்த உயில் நிற்கவில்லை.
"இங்க செத்தவங்களுக்குச் செத்தவங்கதாம்மா சாட்சி."
பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு
"என்ன நடந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

இரண்டு மணி நேரம் சொன்னாள்.
கல்யாணத்துக்கு அப்பா வராதது,
பிள்ளை பிறந்த அன்று போனை எடுக்காதது,
கடைசி மாதம் ஜிப்மரில்
யாரென்று தெரியாமலே அவள் கையால் குளித்துக்கொண்டது.
டீயில் ஆடை படிந்தது.
கலியமூர்த்தி குறித்துக்கொண்டது இரண்டே வரி:
உயிலின் தேதி. ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதி.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன், எது நல்ல சட்டம் என்று.
கிருமாம்பாக்கம் தாண்டும்வரை பதிலில்லை.
பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி:
"அங்க கேக்காமலே குடுக்குறாங்க.
இங்க குடுப்பாங்களான்னு தெரியல.
ஆனா கேட்டாங்க."

ராத்திரி நகலை எடுத்து 'ஒதுக்கிய' என்பதை அடித்தேன்.
'காப்புப் பங்கு' என்று எழுதிப் பார்த்தேன்.
நகைக்கடைச் சீட்டு மாதிரி இருந்தது. அதையும் அடித்தேன்.
காலையில் நொத்தேரிடம் கொடுத்தாக வேண்டும்.
பழைய சொல்லையே திரும்ப எழுதி
முத்திரை குத்தினேன்.
மை கொஞ்சம் ஒதுங்கிப் பதிந்தது.